இரவு இரண்டு

கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுப்பவள் நான்.
வீட்டிலும் அதே வேலைதான்,
மருந்து மட்டும் கறுப்பு.

குலசேகரத்தில் புஷ்பலீலா டாக்டர் ஒதுக்கிப்போட்ட
சர்க்கரை உருண்டைக் குப்பிகள் பதினெட்டு.
கழுவி, ரப்பர் ஷீட் தொங்கும் கொடிக்குக் கீழே
மூன்று நாள் காயவைத்தேன்.
ஒரு துளி ஈரம் போதும்,
மருந்து கட்டிபிடித்து மண்ணாகிவிடும்.
கடையாலுமூட்டில் மழை
கேட்டுவிட்டா வருகிறது?

அளக்கிற அன்று நைட்டி கிடையாது,
பருத்திச் சேலைதான்.
நைலான் உரசினால் பொறி வரும் என்று
படித்தது நான், பயந்தது வின்ஸ்லி.
அடுப்பை அணைத்து
அவன் பீடிக்கட்டைப் பிலாமரப் பொந்துக்கு அனுப்பிவிட்டு
மேசைமேல் போன வருடக் காலண்டர் தாளை விரிப்பேன்.
சிந்தின மணிகளுக்கு அடியில்
ஞாயிற்றுக்கிழமைகள் சிவப்பாகத் தெரியும்.

பித்தளை அளவு ஒன்று உண்டு,
வெட்டின பேனா மூடி மாதிரி.
தலை வழித்தால் ஒரு வெடி.
குவித்து வைத்தால்
மறுநாள் தோள்பட்டை சொல்லும்.

ஒரு வெடிக்கு ஒரு குப்பி.
டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டக் கூடாது.
முந்தின வெடியின் கங்கு
உள்ளே உறங்கிக் கிடந்தால்
டப்பாவோடு கை போகும்.
குப்பி என்றால் புருவத்தோடு போகும்.

நிறைந்தது வலது பாக்கெட், காலி இடது.
இருட்டில் சந்தேகம் வந்தால்
இடதைத் தடவிப் பார்க்கணும்.
மணலோடை தாசையன் தடவவில்லை.
ஒன்று போட்டதை மறந்து
மேலே இன்னொன்று போட்டான்.
இப்போது பால்வெட்டுக் கத்தியை
இடது கையால் பிடிக்கிறான்.

இத்தனையும் யோசித்த நான்
லேபிளைக் கிழிக்க மறந்துபோனேன்.
பதினெட்டிலும் டாக்டரின் சாய்ந்த எழுத்து:
இரவு இரண்டு.

திங்கட்கிழமை ஒரு நோயாளி கேட்டாள்,
விரல் நுனி ஏன் கறுப்பு என்று.
பென்சில் சீவினேன் என்றேன்.

தேர்தல் அறிவித்த மறுநாள்
லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள்.
வின்ஸ்லி கோணியில் சுற்றிக்கொண்டு போனான்,
ரசீதை மடித்துக்கொண்டு வந்தான்.
குப்பிகளை யாரும் கேட்கவில்லை.

நடத்தை விதி பன்றிக்குப் பொருந்தாது.
முதல் வாரம் கீழ்வரப்பு மரச்சீனி.
அடுத்த வாரம் சேம்பு, காச்சில்.
பிறகு கிணற்றங்கரை வரைக்கும் வந்து
துவைகல்லில் முதுகு தேய்த்துவிட்டுப் போயின.
ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் தோட்டத்தைப் பார்த்து
நல்லா உழுது போட்டிருக்கிய என்றார்கள்.
வின்ஸ்லி நோட்டீசை வாங்கிக்கொண்டான்.

அன்று ராத்திரி பக்கத்தில் அவன் இல்லை.
தகரம் தட்டும் சத்தம் கேட்டது, நின்றது.
சன்னலில் ஒரு வெளிச்சம்,
வெள்ளையாக, ஒரு மூச்சு நேரம்.
பிறகு இன்னொன்று.
சத்தமே இல்லை.

வந்தான். சட்டையில் கந்தக வாசம்.
ஒரு புருவத்தைக் காணோம்.

"பாறையில கொட்டித் தீ வச்சேன்.
பன்னி ஓடும்னு நெனச்சேன்."

"ஓடிச்சா?"

"நின்னு பாத்துது, சவம்.
குட்டியளையும் கூப்பிட்டுக் காட்டிச்சு."

குழலுக்குள் இறுக்கினால் மலையைக் கூப்பிடும் மருந்து,
வாய் திறந்து கிடந்தால்
புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு.

எத்தனை குப்பி என்றேன்.
இடது பாக்கெட்டிலிருந்து இரண்டை எடுத்து வைத்தான்.
"அப்பிடித்தான எழுதியிருக்கு."

சிரிக்கக் கூடாது என்றுதான்
வாயை இறுக்கிக்கொண்டு
காலெண்டுலா களிம்பு தடவினேன்.
ஒரே புருவத்தோடு
அவன் வாழ்நாள் முழுக்க எதற்கோ ஆச்சரியப்படுபவன் போல இருந்தான்.

உறங்கிவிட்டான்.
ஓட்டுக்கு இன்னும் பதினொரு நாள்.
பதினெட்டு குப்பிகளையும் மேசைக்கு இறக்கி
லேபிள்களை ஒவ்வொன்றாக நகத்தால் சுரண்டினேன்.
வெளியே
மரச்சீனிக் கம்பு ஒடியும் சத்தம்,
அவசரமே இல்லாமல்.